வெயில் பட்டால் இறுகும்

இன்று காலை கல்மண்டபம் பக்கம் ஒரு பனியன் அச்சுக் கடையைத் தாண்டும்போது ஸ்கிரீனில் பூசும் எமல்ஷன் வாடை மூக்கில் ஏறியது. நின்றுவிட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். உள்ளே மின்விளக்குப் பெட்டி மேல் ஸ்கிரீனை வைத்து ஒளி காட்டுகிறார்கள். இப்போது வெயிலை யாரும் நம்புவதில்லை. நீ பார்த்திருந்தால் வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பாய்.

திருவொற்றியூரில் கீழே எஸ்.டி.டி. பூத், மேலே நாம் இருவரும் வேலை பார்த்த ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை. எண்ணெய் டின்னுக்கும் பெயின்ட் டப்பாவுக்கும் பெயர் அச்சடிப்போம். சிவப்பு பல்பு அறையில் வலைத்துணி மேல் எமல்ஷனைப் பூசிக் காயவைப்பது நான். எழுத்து வரைந்த ஃபிலிமை அதன்மேல் ஒட்டி, கறுப்புத் துணி போர்த்தி மொட்டை மாடிக்குத் தூக்கிப் போவது நீ. துணியை விலக்கினால் வெயில் பட்ட இடமெல்லாம் இறுகிவிடும். எழுத்துக்கு அடியில் மறைந்திருப்பது மட்டும் தண்ணீர் ஊற்றியதும் கரைந்து வழிவிடும். எத்தனை வருஷம் பார்த்தோம்! ஆனாலும் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் திறக்கும்போது இருவரும் முதல்முறை போலக் குனிந்து பார்ப்போம்.

உனக்குக் கடிகாரம் தேவைப்பட்டதில்லை. எண்ணூர்ப் புகை வானத்தில் எவ்வளவு இருக்கிறது என்று சுவரில் விழும் உன் நிழலைப் பார்த்தே சொல்வாய். "நெயலு கறுப்பா கீதுடி, சீக்கிரம் மூடு. வுட்டா கல்லா பூடும். அப்பால எவ்ளோ கய்வினாலும் எயுத்து தொறக்காது."

உனக்கு இருமலும் இளைப்பும் வந்தபோது ஒருவரும் பயப்படவில்லை. அந்தப் பக்கம் எந்த வீட்டில்தான் ஈஸ்னோபீலியா இல்லை? புகை, தூசி, கொசு, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பெயர்தான். ரத்தப் பரிசோதனையிலும் அதற்குரிய வெள்ளை அணு ஏறித்தான் இருந்தது. மாத்திரை வாங்கினோம், இறங்கவில்லை. மறுபடி அதையே வாங்கினோம். "எங்க வூட்டு நாய்க்குக்கூட அதான் கீது, பேஜார் பண்ணாத" என்று என் வாயை அடைத்தாய். பிறகு மாடிப்படியில் பாதியிலேயே உட்கார ஆரம்பித்தாய். கால் வீங்கியது.

பெரிய ஆஸ்பத்திரியில் எக்கோ எடுத்தார்கள். திரையில் உன் இதயம். உள்ளே உயிரோடு அசைவதை இப்படிப் பார்க்க முடியும் என்று யாருக்குத் தெரியும்? டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: இது எல்லாருக்கும் வருகிற ஈஸ்னோபீலியா இல்லை, அபூர்வமானது. அதே அணுக்கள் காரணமே தெரியாமல் ரத்தத்தில் பெருகி, இதயத்துக்குள் புகுந்து உட்சுவரை இறுக்கிவிட்டன. நீ திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இத்த கய்வ முடியாதா மேடம்?"

அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

"மாத்திரையால அணுவைக் குறைக்கலாம்மா. இறுகினது இறுகினதுதான்" என்றார்.

அந்த மாத்திரையில் கொஞ்ச காலம் இருந்தாய். வேலைக்கும் வந்தாய். மாடிக்கு நான் மட்டும் போகிறேன் என்றால் கேட்டால்தானே? "நீ வெயில எங்க பாக்கப்போற, எதுத்த வூட்டு டிவியதான் பாப்ப" என்று நின்று நின்று ஏறினாய். ஸ்கிரீனை நான் தூக்கினேன், நிழலை நீ பார்த்தாய். மழைக்காலம் பிறக்கும் முன்பே போய்விட்டாய்.

இன்றைக்கும் யாராவது ஈஸ்னோபீலியா என்றால் நான் சும்மா விடுவதில்லை. மாத்திரைக்கு இறங்கவில்லையா, போய் நெஞ்சைக் காட்டு என்று பிடுங்கி எடுத்துவிடுவேன். தெருவில் எனக்குக் கிறுக்கி என்றே பெயர். போன மாசம் எதிர்வீட்டு மருமகளை எக்கோ எடுக்க இழுத்துக்கொண்டு போனேன். பயத்தில் என் கையை அவள் விடாததால் என்னையும் உள்ளே அனுமதித்தார்கள். அவளுக்கு ஒன்றுமில்லை. ஆனால் நான் ஆடிப்போய்விட்டேன். அதுவரை நான் பார்த்திருந்தது உன் இதயம் ஒன்றைத்தான். எல்லாருக்கும் அப்படித்தான் அசையும் என்று நினைத்திருந்தேன். அவளுடையது எப்படி விரிகிறது தெரியுமா! மூடி, முழுசாகத் திறந்து, மறுபடி மூடி. அதில் பாதிகூடத் திறக்காத ஒன்றை வைத்துக்கொண்டு அத்தனை படியும் எப்படிடி ஏறினாய்?