ஆஸ்பத்திரிக்கு மட்டும்

மார்ச் 3
புது ஆக்சிஜன் மெஷினைச் சோதனை அறையில் ஓடவிட்டேன். அது வெளியே விடும் மின்காந்த இரைச்சல் ஆஸ்பத்திரி வரம்புக்குள் இருக்கிறது. வீட்டு வரம்பைத் தாண்டுகிறது. வீட்டுக்கு வரம்பு கடுமை. அங்கே எல்லாமே ஒரே சுவரில் செருகியிருக்கும், பக்கத்துக் கருவி குழம்பினால் கவனிக்க ஆளிருக்காது. அந்த இரைச்சலை அடக்க உள்ளே ஒரு மின் வடிகட்டி வைத்தால் சரியாகும் என்று எழுதிக் கொடுத்தேன்.

மார்ச் 5
மேனேஜர் படித்தார். "வடிகட்டி எதுக்குங்க? 'ஆஸ்பத்திரிக்கு மட்டும்'னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டிட்டா முடிஞ்சுது." இத்தனை வருடப் படிப்பும் ஒரு ஸ்டிக்கருக்கு முன்னால் கைகட்டி நிற்கிறது.

மார்ச் 9
விளம்பரத் தாள் வந்தது. எங்கள் மெஷின், பக்கத்தில் சோபா, சோபாவில் பெரியவர், அவர் மடியில் பூனை. விற்பனைக்காரரிடம் கேட்டேன். "வெயிட்டிங் ரூம்னு நினைச்சுக்குங்க." பூனை? "விசிட்டர்."

மார்ச் 10
'ஆஸ்பத்திரிக்கு மட்டும்' என்று சோதனைச் சான்றிதழ் தயாராகி என் மேசைக்கு வந்தது. கையெழுத்துப் போடவில்லை.

மார்ச் 11
இன்றும் போடவில்லை. கேன்டீனில் என் மேசைக்கு யாரும் வரவில்லை. நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மார்ச் 12
மாமாவைத் திங்கட்கிழமை டிஸ்சார்ஜ் செய்கிறார்கள். வீட்டிலும் ஆக்சிஜன் வேண்டுமாம். இவர் என்னைக் கேட்காமலே ஊழியர் சலுகையில் எங்கள் மெஷினுக்குப் பதிவு செய்துவிட்டார். "உன் கையெழுத்துக்காகத்தான் நிக்குதாமே. எங்கப்பாவைவிட அந்தப் பேப்பர் பெருசா உனக்கு?"
விளக்கினேன். "டிவி கொஞ்சம் கரகரக்கும், அவ்வளவுதானே?"
அவ்வளவுதானா? மாமா தலைமாட்டுல ஆக்சிஜன் அளவு பாக்குற மானிட்டர் இருக்கப் போகுதே — வேற கம்பெனி மெஷின் வாங்கலாம்னு எத்தனை தடவை சொல்றது. கேட்டாத்தானே.

மார்ச் 13
போட்டுவிட்டேன்.

மார்ச் 18
மெஷினைப் போட்டால் மானிட்டர் கத்துகிறது. அணைத்தால் அடங்குகிறது. ஒவ்வொரு முறையும் மாமா, "எனக்கு என்னம்மா ஆச்சு?" என்கிறார். ஒன்றுமில்லை மாமா என்கிறேன். வேறு மெஷினுக்குச் சொல்லியிருக்கிறேன், வர ஒரு வாரமாகுமாம்.

மார்ச் 20
"சும்மா சும்மா கத்துது" என்று இவர் மானிட்டரின் சத்தத்தை நிறுத்தியிருக்கிறார். நான் ஆபீசில். மூக்கிலிருந்து குழாய் கழன்றதை யாரும் பார்க்கவில்லை. நான் வந்தபோது மாமாவின் உதடு நீலமாக இருந்தது. இப்போது ஐசியுவில். கையெழுத்தை நான்தானே போட்டேன். தெரிஞ்சே போட்டேன்.

மார்ச் 23
மாமா கண் விழித்தார், இன்னும் பேசவில்லை. வராந்தாவிலிருந்து மேனேஜருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். உண்மையாகவே வருத்தப்பட்டார்.
"அதை ஏங்க வீட்ல வெச்சீங்க? ஆஸ்பத்திரிக்கு மட்டும்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்களே."