அள்ளாமல் விட்ட ஆகாயத்தாமரை

தேஹு ரோடு, ஜூலை 15, செவ்வாய்

மீன் தொட்டிக் கழிவுநீரில் மிஞ்சும் சத்தை உறிஞ்சட்டும் என்று குழியில் ஆகாயத்தாமரை வளர்த்தேன். வாரம் ஒருமுறை அள்ளி வெளியே போட வேண்டும். பூ அழகாயிருக்கிறதே என்று இந்த மகாரசிகன் விட்டுவைத்தேன். எல்லாம் அழுகி, உறிஞ்சியதைத் தண்ணீருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டது.

குழியை ஒட்டிய பக்கத்து வீட்டுக் கிணற்றில்தான் என் தொட்டிக்கும் நீர் இறைப்பேன். இன்று அந்த நீரை மகள் சோதித்தாள். "நைட்ரேட் எக்கச்சக்கம்ப்பா. கைக்குழந்தை குடிச்சா உதடு நீலமாயிடுமாம்."

ஓடினேன். அந்த வீட்டுச் செல்வி புட்டிப்பால் கரைத்துக்கொண்டிருந்தாள். எந்தத் தண்ணீர் என்று கேட்டேன். "கிணத்துத் தண்ணிதாண்ணே. உங்க மீனு குடிக்கலாம், எம்புள்ள குடிக்கக் கூடாதா?" என்று சிரித்தாள்.

குழந்தையின் உதட்டைப் பார்த்தேன். உண்மையைச் சொல்லி, ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தேன். செல்வி என்னை ஏறவிடவில்லை.

இன்னும் போன் அடிக்கவில்லை. அடித்தால் எடுக்கவும் பயமாயிருக்கிறது.