நூற்றுக்கு ஐம்பது மஞ்சள்

புத்த ஆண்டு 2565, ஆகஸ்ட் 3, புதன்

மூன்று தொட்டிக் கஞ்சாச் செடிகளிலும் இன்று இலைகளை எண்ணினேன். நூற்றுக்குப் பத்து மஞ்சள். பயப்பட ஒன்றுமில்லை. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் நாலு பேர் தூங்குவது போலத்தான். வாத்தியாராக முப்பத்தோரு வருடம் பார்த்தாயிற்று. மஞ்சளை யாரும் கிள்ளக் கூடாதென்று மனைவி ஸம்லியிடம் சொல்லி வைத்தேன். அது சான்று.

ஸம்லிக்கு ஆஸ்பத்திரியில் கடைசி ஊசி போட்டு இரண்டு மாதம். நோய் அடங்கிவிட்டதாம், பசி மட்டும் வீடு திரும்பவில்லை. போன வாரம் முப்பத்தொன்பது கிலோ. அடுத்த மாதமும் குறைந்தால் மூக்கில் குழாய் போடவேண்டி வரும் என்றார் டாக்டரம்மா. கோழி சூப்பில் இரண்டு இலை போட்டால் பசிக்கும் என்று ஊரே சொல்கிறது, டாக்டரம்மாவும் தடுக்கவில்லை. ஜூன் மாதம் அரசாங்கமே வீட்டுக்கு வீடு வளர்க்கலாம் என்றுவிட்டது. பிறகென்ன, நானும் போனில் பதிந்தேன்.

என் சூப்பில் இன்று இரண்டு கரண்டி குடித்தாள். "நல்லா இருக்கு வாத்தியாரே" என்று கிண்ணத்தை மூடினாள்.

ஆகஸ்ட் 6

பக்கத்து வீட்டுக்காரி லம்தூவனின் சேவல் இன்று விடிகாலையில் கூவாமல் ஒன்பது மணிக்குக் கூவியது. இந்தத் தெருவில் சமீபத்தில் நடந்த ஒரே நல்ல காரியம்.

ஆகஸ்ட் 9, செவ்வாய்

நூற்றுக்குப் பதினைந்து.

கோப் வந்தான். என் பழைய மாணவன். வகுத்தல் கணக்கில் மீதியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறவன். இப்போது வேளாண்மை அதிகாரி. இலையைப் புரட்டினான், மண்ணைக் கிள்ளினான், செடியோடு தன்னையும் படம் பிடித்துக்கொண்டான். "தண்ணி அதிகமா இருக்கும் சார். இல்லேன்னா கம்மியா இருக்கும்" என்றான். எல்லா விடைகளையும் எழுதிவிட்டால் ஒன்றாவது சரியாக இருக்கும் என்ற பழக்கம் இன்னும் போகவில்லை.

கிளம்பும்போது மஞ்சள் இலை மொத்தம் எத்தனை என்று கேட்டான். நூற்றுக்குப் பதினைந்து என்றேன். "அது இல்ல சார், எண்ணிக்கை எத்தனை?" விகிதம் தெரிந்தால் எண்ணிக்கை எதற்கு? அன்று அவன் வாங்கிய மதிப்பெண் நியாயமானதுதான்.

ஆகஸ்ட் 12

அன்னையர் தினம். பள்ளிக்கூட ஒலிபெருக்கியில் பிள்ளைகள் அழுகிறார்கள். அம்மாக்கள் காலில் மல்லிகை மாலையோடு விழும் நேரம். இங்கே இரண்டு கரண்டி. அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 15, திங்கள்

இருபத்தைந்து!

ஃபேஸ்புக்கில் கஞ்சா வளர்ப்போர் குழுவில் கேட்டேன். ஒருவர் செடியை நிலவொளியில் வைக்கச் சொன்னார். இன்னொருவர் அதற்குக் கேன் என்ற மூங்கில் குழல் வாசிக்கச் சொன்னார். மூன்றாமவர், வளர்ப்பவர் மனக்கவலை இலையில் இறங்கும் என்றார். மூவரும் தங்களை நிபுணர் என்று போட்டிருக்கிறார்கள். என் காலத்தில் நிபுணர் ஆகப் பரீட்சை உண்டு.

சூப்பில் குறை இருக்க முடியாது. உப்பு நிறுத்துப் போடுகிறேன். மிளகாய் கிடையாது, புளித்த மீன் சாறு கிடையாது. ஆஸ்பத்திரித் தாளில் உள்ளபடி. லம்தூவன் அடுப்பிலிருந்து காலை முதல் அந்த மீன் நாற்றம்தான். ஸம்லி தினமும் பத்து மணிக்குத் துணிப்பையை மாட்டிக்கொண்டு அங்கே அரட்டைக்குப் போகிறாள். அந்த நாற்றத்தில் எப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாளோ.

ஆகஸ்ட் 22

ஐம்பது. பாதிக்குப் பாதி.

போச்சு. செடி போனா சூப்பு போச்சு. சூப்பு போனா— எழுத மாட்டேன். முப்பத்தோரு வருஷம் பிள்ளைங்களை வளர்த்தவனுக்கு மூணு தொட்டியை வளர்க்கத் தெரியல.

ஆகஸ்ட் 25, வியாழன்

அவமானத்தை முழுதாக எழுதிவிடுகிறேன்.

கோப்புக்கு அனுப்பலாமென்று எண்ணிக்கை நோட்டைத் திறந்தேன். நூற்றிருபதில் பன்னிரண்டு மஞ்சள். எண்பதில் பன்னிரண்டு. நாற்பத்தெட்டில் பன்னிரண்டு. இருபத்துநாலில் பன்னிரண்டு. மஞ்சள் ஒன்றுகூட ஏறவில்லை. பச்சைதான் காணாமல் போயிருக்கிறது. 'பின்னத்தில் கீழே உள்ள எண்ணைப் பாருங்கள்' என்று எத்தனை பிள்ளைகளின் காதைத் திருகியிருப்பேன்! கோப் மட்டும் சரியான கேள்வி கேட்டான்.

சூப்புக்கு நான் தினமும் கிள்ளிய இரண்டையும் கணக்கில் எடுக்கவில்லை. அது போக மீதி எங்கே? லம்தூவனின் கோழிகள்தான் என்று நோட்டோடு புறப்பட்டேன். மணி பத்தேகால்.

அவள் வீட்டில் பாயில் உட்கார்ந்திருந்தது ஸம்லி. ஒரு கையில் உருட்டிய ஒட்டரிசிச் சோறு. காரத்தில் மூக்கில் நீர் ஒழுக இரண்டாவது கிண்ணம் சூப்பு.

லம்தூவன்தான் முதலில் பேசினாள். "உக்காருங்க வாத்தியாரே. அக்கா சாப்பிடற வேகத்துக்கு ஏதாவது மீந்தா தர்றேன்."

"என் இலை?" என்றேன்.

ஸம்லி தலை நிமிரவில்லை. "தினம் வந்து திங்கறேன். வெறுங்கையோடவா வர்றது? மூணு நாலு இலை கொண்டுவருவேன்."

அவ்வளவு எதற்கு, பானைக்கு இரண்டு போதும், மீதியைக் கோழிக்குப் போட்டுவிட்டேன் என்றாள் லம்தூவன். தறிக்கு அடியில் சேவல் கண்ணை மூடிக் கிடந்தது.

"என் சூப்பு நல்லா இருக்குன்னு சொன்னியே?"

"நீங்க நிறுத்து நிறுத்துச் செய்யறதைப் பாத்துட்டு வேற என்ன சொல்றது? உங்க சூப்பு சரியான விடைத்தாள் மாதிரி, வாத்தியாரே. தப்பே இல்ல. அதைப் போய் யாரு திங்கறது?"

சொல்லிவிட்டு மறுபடி சோற்றை உருட்டினாள். நான் நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன்.

செப்டம்பர் 2

ஆஸ்பத்திரி. நாற்பத்தொன்றரை கிலோ. குழாய் வேண்டாம். என்ன கொடுக்கிறீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். ஸம்லி என்னைப் பார்த்தாள். பக்கத்து வீட்டைக் கொடுக்கிறோம் என்றேன்.

செப்டம்பர் 9, வெள்ளி

நூற்றுக்கு நூறு மஞ்சள். கடைசிப் பச்சையும் போயிற்று. புது விதை ஊன்றினேன். எண்ணப் போவதில்லை.

பத்து மணிக்கு இருவருமாகப் போனோம். வெறுங்கையோடு போகக் கூடாதல்லவா? என் சூப்பைத் தூக்குவாளியில் கொண்டுபோனேன். லம்தூவன் கைகூப்பி வாங்கி, மரியாதையாக மோந்து பார்த்து, கோழிகளுக்கு ஊற்றினாள். சேவல் ஒரு வாய் குடித்தது. என்னைப் பார்த்தது. எழுந்து வெளியே போய்விட்டது.

ஸம்லிக்குச் சிரித்துப் புரையேறியது. வாய் நிறையச் சோறு இருந்தது.