வருஷம் பார்த்துக் கொடுத்த பிளேட்

5 பிப்ரவரி 2024, திங்கள்

இன்று ஒரு தப்பு செய்தேன். பாரதியார் வீதி உதிரிபாகக் கடை கவுன்டரில் பதினாறு வருஷமாக நிற்கிறேன். பழைய கிளட்ச் பிளேட்டைக் கையில் வாங்கிப் பார்க்காமல் புதுசு கொடுத்ததே இல்லை. "பழசைக் கொண்டாங்க" என்பதுதான் என் வாயில் முதலில் வரும். இன்று வரவில்லை.

காரணம் மகாலி. கஸ்தோன் ஐயாவின் மகள், பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் குடும்பம். பிளாஸ்டிக் உறை நிறையக் காகிதங்களோடு வந்தாள். காரின் ஆர்.சி., இன்சூரன்ஸ், அப்பாவின் பாஸ்போர்ட் நகல்கூட இருந்தது. கிளட்ச் வாங்கப் பாஸ்போர்ட் எதற்கு என்றேன். எங்கே போனாலும் எல்லாக் காகிதத்தையும் எடுத்துப் போவதுதான் அவர்கள் வீட்டுப் பழக்கமாம். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் நான் கவிழ்ந்தது.

ஆர்.சி.யில் 2012 என்று இருந்தது. 2012 மாடல் செட்டை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

பெண்களுக்கு மட்டும் டிரைவிங் ஸ்கூல் தொடங்குகிறாளாம். 19ஆம் தேதி திறப்பு. ஏழு பேர் சேர்ந்தாயிற்று. சிநேகிதி நஜீபாவுக்கு ஒரு மாதம் ஓட்டப் பழக்கியதிலேயே பழைய பிளேட் தேய்ந்துவிட்டதாம்.

எனக்கு வயது முப்பத்தொன்பது. நினைவில் இருக்கட்டும்.

7 பிப்ரவரி

சேரவில்லை. மெக்கானிக் கலைவாணன் போனில் பிடிபிடியென்று பிடித்தான். பிளேட் பெரிது, போல்ட் ஓட்டையே நேராக வரவில்லை என்கிறான். அவமானம்தான். ஆனால் மாற்றிக்கொள்ள அவள் மறுபடி வருவாளே என்று மனசு குதிக்கிறது. வெட்கங்கெட்ட மனசு.

8 பிப்ரவரி

வந்தாள். மஞ்சள் சுடிதார்.

2012இல் பதிந்திருந்தாலும் முந்தின மாடலின் மிச்ச ஸ்டாக்காக இருக்கும், அதில் பிளேட் சின்னது என்று பெரிய மேதை மாதிரி விளக்கினேன். 2009 மாடல் செட் ஒன்றைக் கொடுத்தேன். இன்றும் பழசைக் கேட்கவில்லை! "ரொம்பத் தெரிஞ்சு வச்சிருக்கீங்க" என்றாள். அதை நினைத்துக்கொண்டே நின்றதில் அம்பகரத்தூர் பஸ்ஸைக் கோட்டை விட்டேன்.

10 பிப்ரவரி

அதுவும் சேரவில்லை. அளவு சரி, போல்ட் சரி. நடு ஓட்டையில் இருக்கும் பல், கியர்பாக்ஸ் தண்டில் ஏறவில்லை.

மகாலி வரவில்லை. போன்தான் செய்தாள். "ஒன்பது நாள்தான் இருக்குங்க. ஏழு பேருக்கும் நான் என்ன சொல்லட்டும்?" குரலை உயர்த்தவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

என்னையே கேட்டுக்கொண்டேன்: என்னடா பண்ணி வச்சிருக்கே சோமு? அந்தப் பொண்ணு எவ்வளவு ஆசையா ஆரம்பிக்குது — நீ பிளேட்டப் பாத்தியா, மொகத்தப் பாத்தியா?

முதலாளி ஜெய்னுலாபுதீன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், பழசைப் பார்த்தாயா என்று. இல்லை என்றேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

12 பிப்ரவரி

நானே பட்டறைக்குப் போனேன். பழைய பிளேட்டைக் கலைவாணன் எடுத்துக் கொடுத்தான். கையில் வாங்கிய அரை நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. அளவு 2009 மாடலுடையது, பல் 2012 மாடலுடையது.

மகாலி அப்பாவை அழைத்து வந்தாள். கஸ்தோன் ஐயா நிதானமாகச் சொன்னார்: எஞ்சினை என்றைக்கோ மாற்றியாகிவிட்டது, 2009 வண்டியிலிருந்து எடுத்தது. ரசீதும் உண்டாம், வேறொரு உறையில். ஆர்.சி.யில்கூட எஞ்சின் நம்பரை முறைப்படி மாற்றிப் பதிந்திருக்கிறார். நான் நம்பரை எங்கே பார்த்தேன்?

"ஏம்ப்பா சொல்லல?"

"நீ கேக்கலியேம்மா."

ஆக, எஞ்சின் ஒரு வருஷம், கியர்பாக்ஸ் ஒரு வருஷம். இரண்டையும் சேர்த்துச் சுற்றவைக்கிற பிளேட் 2010இல் மட்டும்தான் வந்தது. எங்கள் கடையில் இல்லை.

13 பிப்ரவரி

பழைய பிளேட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மயிலாடுதுறையில் இல்லை. கும்பகோணத்தில் மூன்றாவது கடையில், பரணில் கிடந்தது! பழசின்மேல் புதுசை வைத்தேன். விளிம்புக்கு விளிம்பு, பல்லுக்குப் பல். கடைக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முத்தம் கொடுத்துவிட்டேன். பிளேட்டுக்குத்தான்.

16 பிப்ரவரி

சேர்ந்துவிட்டது!

மகாலி கடைவரைக்கும் வண்டியை ஓட்டிவந்து காட்டினாள். பழசைக் கொண்டுவரச் சொல்லி முதல் நாளே ஏன் கேட்கவில்லை என்றாள். பொய் சொல்ல நினைத்தேன், வரவில்லை.

"உங்களப் பாத்ததும் மறந்துபோச்சுங்க."

அவள் சட்டென்று வண்டியில் ஏறினாள். கிளம்பிவிட்டாள். தொலைந்தேன் என்று நினைத்துக்கொண்டே கவுன்டரைப் பார்க்கிறேன், அந்தப் பிளாஸ்டிக் உறை. பாஸ்போர்ட் நகலோடு. அந்த வீட்டுப் பெண் காகிதத்தை மறந்துவைத்துவிட்டுப் போவாளா?

17 பிப்ரவரி

போவாளா?

19 பிப்ரவரி

திறப்பு விழா. உறையைக் கொடுத்தேன். எண்ணிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது என்ற ரகசியத்தையும் சொன்னேன். கிளட்ச் விற்கிற ஆள் கிளட்சை மிதித்ததே இல்லையா என்று கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். என்னைச் சேர்த்துக்கொள்வீர்களா என்றேன். தலைக்குமேல் இருந்த போர்டைக் காட்டினாள். பெண்களுக்கு மட்டும்.

2 ஜூன், ஞாயிறு

திருவேட்டக்குடி ரோட்டில் முதல் பாடம். என் எல்.எல்.ஆரை மகாலிதான் வைத்திருக்கிறாள், அதே உறையில், அவள் அப்பாவின் பாஸ்போர்ட் நகலுக்குப் பக்கத்தில்.

வண்டி மூன்று தடவை அணைந்தது. நான்காவது தடவை காலை மெல்ல மெல்ல எடுத்தேன். நகர்ந்தது! அந்தப் பிளேட் என் காலுக்கடியில் பிடிப்பது தெரிந்தது.

பின்சீட்டிலிருந்து நஜீபா, போர்டில் பெண்களுக்கு மட்டும் என்றுதானே எழுதியிருக்கிறது என்று வம்புக்கு இழுத்தாள்.

மகாலி ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வீட்டு ஆளுங்களுக்கு உண்டு."

வண்டி மறுபடி அணைந்துவிட்டது.