மாடி அறையில் பாப்-பங்க்

கணவர் போன துக்கத்தில் நான் மாடி அறையில் கத்திக் கத்தி அழுவதாகச் செவிலிமேட்டில் பேசிக்கொள்கிறார்கள். தவறு. நான் அழவில்லை, பாடுகிறேன். நீ சொல்லிக்கொடுத்த பாப்-பங்க் பாட்டைத்தான், கிதாரோடு கத்திப் பாடும் அந்த ஆங்கிலப் பாட்டைத்தான் பாடுகிறேன். அவர் இறந்த அன்றே நான் சத்தம்போட்டு அழாதவள் என்பதை இவர்கள் மறந்துவிட்டார்கள்.

நீ வாடகைக்குக் குடியிருந்த அந்த அறையை இன்று பெருக்கினேன். சன்னல் விளிம்பில், தொண்டைக்காக நீ மென்று வைத்த அதிமதுரத் துண்டு ஒன்று கிடந்தது. முகர்ந்து பார்த்தேன். தித்திப்பு வாசனை அப்படியே இருக்கிறது. நீதான் கனடாவுக்குப் போய்விட்டாய்.

முதல்முறை நான் மாடியேறி வந்தது உன்னோடு சண்டைபோட. நீ பாடிய சத்தத்துக்காக அல்ல, ஆங்கிலச் சொற்களின் கடைசி எழுத்துகளை நீ விழுங்கியதற்காக. கான்வென்ட்டில் படித்த காதுக்கு அது பொறுக்கவில்லை.

"அப்ப நீங்க பாடிக் காட்டுங்க ஆன்ட்டி" என்றாய், மடியில் கிதாரோடு.

வாயைக் குவித்து, ஒவ்வோர் எழுத்தையும் திருத்தமாக உச்சரித்துப் பாடினேன். நீ கட்டிலில் விழுந்து சிரித்தாய். "லவ்வர் கழட்டி வுட்டுட்டான்னு பாட்டு ஆன்ட்டி. நீங்க ஸ்கூல் பிரைஸ் டேல ஒப்பிக்கிறீங்க!"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாளிலிருந்து, நீ வேலை முடிந்து டவுன் பஸ்ஸில் வந்து இறங்கும்போதே நான் மாடியில் காத்திருந்தேன். சிரிப்பதுபோல் வாயை அகட்ட வேண்டும். குரலைத் தொண்டையில் வைக்காமல் மூக்குக்கும் கன்னத்துக்கும் தள்ள வேண்டும். இழுத்துப் பாடாமல் வெடுக்கென்று விட வேண்டும். எல்லாம் புரிந்தது. ஒன்றும் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இளநீர்க்காரர் நிற்காமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். மாடியிலிருந்தே கூப்பிட்டேன். "யோவ்! கூப்ட்டுக்கினே இருக்கறேன், நீ பாட்டுக்குப் போய்க்கினே இருக்கியே!"

நீ துள்ளிக் குதித்தாய். "அதான் ஆன்ட்டி! அந்த வாய்ஸ்தான்! அப்படியே பாடுங்க!"

எனக்குக் கூச்சமாகிவிட்டது. அந்தக் 'கினு'வுக்காகத்தான் பள்ளியில் கன்னியாஸ்திரீகள் என்னை முட்டிபோட வைத்தார்கள். அது என் அம்மாவின் பேச்சு. பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர் வீடுகளுக்கு நூல் இழைக்கப் போனவர் அவர். தறிச் சத்தத்தைத் தாண்டிக் கேட்க வேண்டுமானால் குரல் மூக்கிலிருந்துதான் வர வேண்டும். "ஏ பொண்ணே, சோறு ஆறிக்கினு இருக்குது!" என்று அவர் கூப்பிட்டால் தெருமுனையில் கேட்கும். அந்தக் குரலை என் கணவரிடம்கூட நான் காட்டியதில்லை. உன்னிடம் காட்டினேன். பாட்டும் கூடவே வந்தது.

அந்தக் குரல் இப்போது என்னிடமே தங்கிவிட்டது. கேட்கத்தான் ஆளில்லை. ஓர் அடி பாடிவிட்டு, நீ சிரிப்பாயோ என்று என்னையறியாமல் நிறுத்துகிறேன். மின்விசிறிதான் சுற்றுகிறது.

நீ கிளம்பிய அன்று, கீழே ஆட்டோ நிற்க, முழுப் பாட்டையும் பாடிக் காட்டினேன். "செம்ம ஆன்ட்டி!" என்று கட்டிப்பிடித்துவிட்டுப் படியிறங்கி ஓடினாய். அந்தச் சொல்லை நான் நம்பவில்லை. நான் சர்க்கரை போட மறந்த காபியையும் செம்ம என்றுதான் குடித்தாய். போன வாரம் பாடிப் பதிவுசெய்து செல்பேசியில் அனுப்பியதற்கு ஒரு சிவப்பு இதயம் அனுப்பினாய். அது பதில் ஆகாது. கிழவியின் மனம் நோகக்கூடாது என்று சொன்னாயா, நிஜமாகவே நான் பாடினேனா? இது தெரியாமல் தனியாக உட்கார்ந்து மேலே பாட என்னால் முடியவில்லை.

எது சரி, எங்கே பிசகு என்று காகிதத்தில் எழுதி அனுப்பு.