மேடையில் சொன்ன பட்டினி

விளாத்திகுளம்
15.7.2025

மதிப்பிற்குரிய ஜானகியம்மாள் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் அறக்கட்டளையின் கல்வி உதவியால் நான் பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டைத் தொடர்கிறேன். தங்கள் குடும்பம் பல்லாண்டு வாழ இறைவனை வேண்டுகிறேன்.

இதுவரை எழுதியது உங்கள் அறக்கட்டளைக் காரியங்களைப் பார்க்கும் காசிராஜன் அண்ணாச்சி எல்லோருக்கும் கொடுத்த தாளில் இருந்தது. காசோலை வாங்கியவர்கள் பத்து நாளுக்குள் அதைப் பார்த்துக் கைப்பட எழுதி உங்கள் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்றார். இனி வருவது நானாக எழுதுவது. நேரில் உங்களிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. எனக்குப் பேச வராது. எழுதினால் கொஞ்சம் வரும்.

ஞாயிற்றுக்கிழமை விழாவில் எங்கள் அப்பா செல்லத்துரை மைக்கில் பேசியதை முதல் வரிசையில் இருந்து கேட்டீர்கள். "ஒரு வேள சோத்துக்கே வழியில்லைங்கய்யா. எம்பிள்ள பட்டினி கெடந்து படிச்சா" என்றார். நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். அம்மா, அது பொய். அன்று காலை அப்பா ஆறு இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினார். எங்களுக்கு நாலு ஏக்கர் கரிசல் இருக்கிறது. மிளகாயும் கம்பும் போடுகிறோம். மழை தவறினால் கடன் வாங்குவோம், தீபாவளிக்குத் துணி எடுக்கமாட்டோம். பட்டினி கிடந்ததில்லை. கல்லூரிக் கட்டணம் கட்டத்தான் எங்களால் முடியவில்லை.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். மேடைக்குப் பின்னால் காசிராஜன் அண்ணாச்சி சொல்லிக்கொடுத்தாராம்: "சும்மா நன்றின்னு சொல்லிட்டு எறங்கிராதீங்க. பட்டினிய சொல்லுங்க. அப்பத்தான் அடுத்த வருசமும் ஆளுக பணம் குடுப்பாவ." சொல்லிவிட்டு அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்பா பேசியதை யாரோ எடுத்த வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதை நீக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
செ. மாரிச்செல்வி


கோவில்பட்டி
24.7.2025

அன்பு மகள் மாரிச்செல்விக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. இருபது வருடமாக நன்றிக் கடிதம் வாங்குகிறேன். நன்றி இல்லாத நன்றிக் கடிதம் இதுதான் முதல்.

காசிராஜனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அந்த வீடியோவைப் பார்த்துத்தான் சென்னையில் இருப்பவர்கள்கூடப் பணம் அனுப்புகிறார்களாம். எனக்கும் அவன் சொல்வது சரி என்றுதான் படுகிறது. உங்கள் அப்பா கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டார், நல்லதுக்குத்தானே? எங்கள் மாமனார் காலத்தில் கடைக்காரர்கள் தங்கள் வியாபாரத்தில் மகமை என்று ஒரு பங்கை எடுத்து வைத்துக் கட்டிய கல்லூரி இது. கொடுத்தவர்கள் ஒரு நல்ல வார்த்தை கேட்க ஆசைப்படுவது தப்பா?

இன்னொன்றும் சொல்கிறேன், கோபப்படாதே. சும்மா கிடைத்தால் எதற்கும் அருமை இருக்காது. பள்ளிக்கூடத்தில் சும்மா கொடுத்த சைக்கிளில் எத்தனை வீட்டில் கோழி அடைகிறது என்று உன் ஊரிலேயே போய்ப் பார்.

பஸ்ஸில் படியில் நிற்காதே. வேளாவேளைக்குச் சாப்பிடு.

ஆசிகளுடன்,
ஜானகி


விளாத்திகுளம்
2.8.2025

ஜானகியம்மாவுக்கு,

வேளாவேளைக்குத்தான் சாப்பிடுகிறேன். அதை முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தேன்.

எங்கள் வீட்டில் இப்போது நடப்பதைக் கேளுங்கள். ஓட்டப்பிடாரத்தில் இருக்கும் என் மாமி வீடியோவைப் பார்த்துவிட்டு எங்கள் அம்மாவுக்கு போன் போட்டாள். "மதினி, சோத்துக்கு வழியில்லன்னா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா. ரெண்டு படி அரிசி குடுத்து விட்டிருப்பேன்" என்றாள். எங்கள் அம்மா கோமதி ஐந்து மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டி, எட்டு மணிக்கு மிளகாய்க் காட்டில் நிற்பவள். போனை வைத்தவள் அழவில்லை. அன்றைக்கு அப்பா சாப்பிட உட்கார்ந்ததும், "ஊரு பூரா பட்டினின்னு சொல்லியாச்சு. இப்ப எதுக்குத் தட்ட எடுத்துக்கிட்டு உக்காருதீங்க?" என்று கேட்டாள். மூன்று வாரமாக ஒவ்வொரு வேளையும் கேட்கிறாள். சோற்றையும் போடுகிறாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுகிறார்.

பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தேன். கட்டணம் இல்லை. அதற்காக அப்பாவை எந்த மேடையிலும் யாரும் ஏற்றவில்லை. அருமை தெரியாமலா கணக்கில் தொண்ணூற்றாறு வாங்கினேன்? எங்கள் வீட்டுச் சைக்கிளில் கோழி அடையவில்லை, ஜானகியம்மா. அதில்தான் அப்பா மருந்து தெளிக்கும் டேங்கைக் காட்டுக்குக் கொண்டுபோகிறார்.

அரசுக் கல்லூரியில் காத்திருப்போர் பட்டியலில் ஏழாவதாக இருந்து, இடம் கிடைக்காமல் இங்கே வந்தேன். என் வகுப்புக்கு அடுத்த அறை அரசு உதவிபெறும் பிரிவு. அங்கே கட்டணம் பேருக்குத்தான். நான் சுயநிதிப் பிரிவு. பாடமும் தேர்வும் ஒன்று. நடுவில் ஒரு சுவர் இருக்கிறது. அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்ததற்காக எங்கள் அப்பா தன் பெண்டாட்டியின் அடுப்பை அணைத்துக் காட்ட வேண்டியிருந்தது.

மகமை பற்றி எழுதியிருந்தீர்கள். அப்பா வற்றல் மூட்டை போடும் கமிஷன் கடையிலும் ஒவ்வொரு முறையும் மகமை என்று பிடிக்கிறார்கள். எங்கே போகிறது என்று கேட்டேன். கோவிலுக்கும் உங்கள் கல்லூரிக்கும் என்றார்கள். அப்படியானால் எங்கள் அப்பாவும் கொடுத்தவர்தான். அவருக்கு யார் நன்றிக் கடிதம் எழுதினார்கள்?

டிசம்பரில் தரவிருக்கும் இரண்டாம் தவணைக் காசோலை எனக்கு வேண்டாம். கட்ட முடியாவிட்டால் படிப்பை விட்டு நின்றுகொள்கிறேன். நீங்கள் கல்லூரிக் குழுவில் இருப்பவர். கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணத்தையே எடுத்துவிடுங்கள் என்று அங்கே சொல்லுங்கள். உதவியே தேவைப்படாது.

மாரிச்செல்வி


கோவில்பட்டி
14.8.2025

மாரிச்செல்விக்கு,

ஏட்டி, படிப்பை விட்டுவிடுவேன் என்று என்னையா மிரட்டுகிறாய்?

உன் கடிதத்தை நாலு நாள் மேஜையில் வைத்துவிட்டு, பதில் போடவேண்டாம் என்றுதான் இருந்தேன். கோபம்தான். எங்கள் தீப்பெட்டித் தொழிற்சாலையில் யாரும் என்னிடம் இப்படிப் பேசமாட்டார்கள்.

குழுவில் என் பெயர் இருப்பது உண்மை. எங்கள் வீட்டுக்காரர் போன பிறகு அந்த இடத்தில் என் பெயரை எழுதினார்கள். ஒரு கூட்டத்துக்கும் நான் போனதில்லை. அங்கே மற்ற ஐந்து பேரும் ஆண்கள். காசிராஜன் தீர்மான நோட்டை வீட்டுக்குக் கொண்டுவருவான், அவன் விரல் வைக்கும் இடத்தில் கையெழுத்துப் போடுவேன். அவ்வளவுதான் என் அதிகாரம். நான் போய் என்ன பேச?

ஜானகி


விளாத்திகுளம்
22.8.2025

ஜானகியம்மாவுக்கு,

மிரட்டவில்லை. விட்டுவிட நேர்ந்தால் அழப்போவது நான்தான்.

எனக்கும் பேச வராது என்று சொன்னேன். வகுப்பில் வருகைப் பதிவுக்குக்கூட என் குரல் கேட்காமல் இரண்டு முறை ஆப்சென்ட் விழுந்திருக்கிறது. எங்கள் அப்பாவுக்கும் பேச வராது. அவரைப் பேச வைத்தீர்கள். நீங்களும் ஒரு முறை எழுந்து பேசிப் பாருங்கள். உங்களை யாரும் பட்டினி என்று சொல்லச் சொல்லமாட்டார்கள்.

குழுக் கூட்டம் செப்டம்பர் 21 என்று அறிவிப்புப் பலகையில் இருக்கிறது.

மாரிச்செல்வி


கோவில்பட்டி
23.9.2025

மாரிச்செல்விக்கு,

போனேன்.

என்னைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்தார்கள். நாற்காலி போட்டார்கள், காபி கொடுத்தார்கள். நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவேன் என்று நினைத்திருப்பார்கள். சுயநிதிப் பிரிவில் கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணத்தை எடுத்துவிடலாம், மேடைக்குச் செலவழிப்பதையும் மகமையையும் சேர்த்து ஆசிரியர் சம்பளத்துக்கு வைக்கலாம் என்று எழுதிக் கொண்டுபோனதை வாசித்தேன்.

முடியாது என்பதற்குப் பல காரணம் சொன்னார்கள். சிலது நியாயமாகவும் இருந்தது. கடைசியில் காசிராஜன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "அக்கா, கட்டணத்த எடுத்துட்டா அந்தப் பிள்ளைக நம்மள எதுக்கு நெனைக்கப் போகுது?"

யாரும் அவனைக் கண்டிக்கவில்லை. ஐந்து பேர் வேண்டாம் என்றார்கள், நான் ஒருத்தி வேண்டும் என்றேன். நோட்டில் நான் கையெழுத்துப் போடவில்லை. வீடியோவை என் கண் முன்னால் நீக்க வைத்தேன். ஏற்கெனவே போய்ச் சேர்ந்த போன்களில் இருந்து எடுக்க எனக்கு வழி தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து இருபது வருடக் கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே கடிதம். பெயர்தான் வேறு. சந்தோஷமாக வாசித்து, கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருக்கிறேன்.

உன் டிசம்பர் கட்டணத்தை நானே அலுவலகத்தில் கட்டிவிடுகிறேன். மேடை இல்லை, படம் இல்லை, கடிதம் வேண்டாம். கோமதியிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

ஜானகி


விளாத்திகுளம்
1.10.2025

ஜானகியம்மாவுக்கு,

கடிதம் வேண்டாம் என்றீர்கள். எழுத வேண்டியிருக்கிறது.

டிசம்பர் கட்டணத்தை வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை. வாங்கிக்கொள்கிறேன். கோபத்தோடுதான் வாங்கிக்கொள்கிறேன். எனக்கு ஒருத்திக்குக் கட்டிவிட்டால் காசிராஜன் அண்ணாச்சி அடுத்த ஜூலையில் வேறு அப்பாக்களைத் தேடுவார்.

அன்று என்னோடு மேடையேறிய மற்ற பதினைந்து பேரையும் பார்த்துப் பேசினேன். பேசினேன் என்றால் தாளை நீட்டினேன். அவர்களில் சுடலைக்குமாரிடம், தன் அப்பாவைக் குடிகாரர் என்று சொல்லச் சொன்னார்களாம். அவர் டீயைத் தவிர வேறு எதுவும் குடிக்காதவர். கட்டணத்தை எடுத்துவிடக் கேட்டு என்னோடு சேர்த்துப் பதினோரு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஐந்து பேருக்குப் பயம். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். மனுவின் நகலை இதோடு வைத்திருக்கிறேன்.

நீங்கள் சொன்னதை எங்கள் அம்மாவிடம் சொன்னேன். "அவிய எதுக்கு மன்னிப்புக் கேக்கணும், மைக்கக் குடுத்தவன்லா கேக்கணும்" என்றாள். பிறகு தாளை வாங்கி, பதினோரு பெயருக்கும் மேலே தன் பெயரை எழுதினாள். அதற்குக் கீழே அப்பா கையெழுத்துப் போட்டார். அன்று அவர் சாப்பிட உட்கார்ந்தபோது அம்மா ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த கூட்டம் டிசம்பர் 14, பத்து மணி. இந்த முறை நீங்கள் தனியாகப் போகவேண்டாம். பதினோரு வீட்டிலிருந்தும் வருகிறோம். எங்களுக்கு நாற்காலி போட வேண்டாம், காபியும் வேண்டாம். எல்லோரும் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவோம்.

மாரிச்செல்வி