சட்டைப் பை வலப்பக்கம் போன படம்

தம்பி,

கூடப் பிறக்காத அக்காதான் நான்; ஆனாலும் எங்கே பார்த்தாலும் நீ முதலில் கேட்பது, "அக்கா, பிள்ளைங்க எப்படி?" என்றுதான். அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். மூத்த பேத்தி தாதிப் படிப்பை முடித்து கோலா குபு பாரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். அவளைத்தான் உன் அண்ணன் மகனுக்குப் பேசி வைத்திருக்கிறோம். பேரன் செரண்டா தொழிற்சாலையில் சூப்பர்வைசர் ஆகிவிட்டான். கடைக்குட்டிக்குப் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு. அஞ்சாம் வகுப்போடு நின்ற எனக்கு அவள் பேசியதில் பாதி புரியவில்லை. கைதட்டுவதில் மட்டும் குறை வைக்கவில்லை.

இனி தள்ளிப்போட முடியாது. நேற்று உன் அண்ணனிடமிருந்து தபால் வந்தது. முழங்கால் வலியில் உன் கருமாதிக்கு நான் வரவில்லை. அன்றைக்கு எல்லாருக்கும் கொடுத்த படத்தை எனக்கும் அனுப்பியிருந்தார். உறையைப் பிரித்ததும் புதுப் படத்தாளின் வாடை. கித்தாரோடு நிற்கிறாய். கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். உன் சட்டைப் பை வலப்பக்கம் இருந்தது. அப்புறம்தான் கையைப் பார்த்தேன். இடது கைக்காரன் நீ, வலது கையால் வாசிக்கிறாய்! படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள்.

எனக்கு அந்தத் திருவிழாப் பிற்பகல்தான் நினைவுக்கு வந்தது. நாம் குடியிருந்த செம்பனைத் தோட்டத்துக் கோயில் முன்னால் லோரிதான் மேடை. நீ மீசை அரும்பாத வயதில் கரண்டு கித்தாரைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு இடது கையால் ஒரு இழுப்பு இழுத்தாய். செம்பனைக் காடே அதிர்ந்தது. நான் இடுப்பில் பிள்ளையோடு, எப்போதும் போல முன்வரிசையில்.

தோட்டத்தில் எங்களை வேலை வாங்குகிற மண்டோர் எழுந்து வந்தார். கோயில் தலைவரும் அவர்தான்.

"டேய்! ஆத்தா முன்னால பீச்சாங்கையாலயா வாசிக்கிற? மாத்திப் புடி. இல்லன்னா எறங்கு."

நீ எங்களைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். அந்த வாரம்தான் எங்களுக்குப் புதிதாகக் கட்டிய லயத்து வரிசையில் ஒரு வீடு தருவதாக மண்டோர் சொல்லியிருந்தார். நான் குனிந்து பிள்ளையின் சட்டையைச் சரிசெய்தேன்.

நீ மாற்றிப் பிடித்தாய். அப்போதுதான் கித்தாரைத் தொட்டவன் போல உன் விரல்கள் தடுமாறின. "என்னடா, கோழி கிண்டுற மாதிரி இருக்கு!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்த, எல்லாரும் சிரித்தார்கள். பாட்டு பாதியில் நின்றது. இறங்கி வந்து என்னிடம் பிள்ளையைப் பற்றித்தான் கேட்டாய். போகும்போது மெதுவாகச் சொன்னாய்: "செத்தாலும் இனி மாத்திப் புடிக்க மாட்டேன்க்கா."

சொன்னபடியே இருந்தாய். கோலாலம்பூர் மேடைகளில், மலாய்க்கார ராக் குழுக்களோடு, தொலைக்காட்சியில், எங்கும் இடது கைதான். எங்களுக்கு அந்த வீடு கிடைத்தது. நான்தான் அதில் நிம்மதியாக இருந்ததில்லை.

படத்தைப் பார்த்த கையோடு உன் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"சாமி மேடைல மாட்டுற படம்லா, தங்கச்சி. எடக்கையோட எப்படி மாட்டறது? கடைக்காரப் பையன் ரெண்டே நிமிஷத்துல திருப்பிக் குடுத்தான். ஒருத்தரும் கண்டுபுடிக்கல."

"சட்டப் பை வலப்பக்கம் போயிருக்கே, அதையுமா?"

"போனவனுக்குப் பை எந்தப் பக்கம் இருந்தா என்னம்மா?"

"அவன் எடக்கையன்தானே அண்ணே. வேற யாரையோ மாட்டி வெச்சு மாலை போடுறீங்க."

அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "சம்பந்தம் பேசியிருக்கற நேரம். இது இப்பத் தேவையா?"

அன்றைக்கு லயத்து வீடு. இன்றைக்குப் பேத்தியின் வாழ்க்கை. "அப்புறம் பேசறேண்ணே" என்று வைத்துவிட்டேன். பார் தம்பி, இந்த முறையும் குனியத்தான் பார்த்தேன்.

பக்கத்தில் நின்ற மூத்த பேத்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். "பாட்டி, சொல்ல வேண்டியதச் சொல்லுங்க. ஒரு படத்துக்காக நிக்கிற கல்யாணம்னா நிக்கட்டும் லா. அவங்க வீட்டுக்குப் போன பெறகு என்னைய எந்தப் பக்கம் திருப்புவாங்களோ!" சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

இரவெல்லாம் யோசித்து, காலையில் இதை எழுத உட்கார்ந்தேன். உன் விரல்கள் தடுமாறிய அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அதோடு போய்ச் சேர எனக்கு விருப்பமில்லை. உறையின் மேல் உன் பெயரைத்தான் எழுதுகிறேன். விலாசம் உன் அண்ணன் வீடு. உனக்கு வரும் கடிதத்தை இனி அவர்தானே பிரிக்க வேண்டும்.

அண்ணே, படிப்பது நீங்கள்தான் என்று தெரியும். பேத்தி கல்யாணத்தை என்ன செய்வதென்று நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள். நின்றுபோனாலும் நாங்கள் தயாராக இருக்கிறோம். நீங்கள் அனுப்பிய படத்தை இதனுள் வைத்திருக்கிறேன். தம்பி இடது கையால் வாசிக்கிற படமாகப் பார்த்து, புதிதாக ஒன்று எனக்குத் தபாலில் அனுப்புங்கள்.